அறுவடை காணாதவர்களின் விசுவாசம்



நம் ஊரில் ‘நம்பிக்கை’ என்ற சொல் கோயிலுக்குள் மட்டும் வாழும் சொல் அல்ல. பனியன் தொழிலே அந்தச் சொல்லின் மேல்தான் ஓடுகிறது. நூல் கடனுக்கு வருகிறது. நிட்டிங் முடிந்த துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று பல கைகள் மாறுகிறது. எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் பணம் வருகிறது. அதுவரை ஒருவரையொருவர் நம்பித்தான் வேலை நடக்கிறது. ஆனால் இந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. சொன்ன தேதியில் பணம் வராமல் இரண்டு மூன்று முறை ஏமாற்றினால் அது முறிந்துவிடும். தொழிலில் அது நியாயமும்கூட.

கடவுள்மீது நாம் வைத்திருக்கும் விசுவாசமும் இப்படிப்பட்டதுதானா? ஆர்டர் வந்தால் நன்றித் திருப்பலி, வராவிட்டால் கோயில் பக்கமே வராமல் இருப்பது என்பதுதான் நம் கணக்கா? கேட்டது கிடைக்காத வீட்டில் விசுவாசத்துக்கு என்ன பொருள் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு மறைக்கல்வி நூலைத் திறந்து விடை சொல்லலாம். இன்று நாம் அதை நம் மண்ணின் வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

அவிநாசிக்கு மேற்கே, விசைத்தறி ஓசை ஓயாத சோமனூருக்குப் பக்கத்தில் கருமத்தம்பட்டி இருக்கிறது. அங்குள்ள செபமாலை அன்னை திருத்தலம் நம்மில் பலருக்குப் பழக்கமானது. அக்டோபர் மாதத் தேர்த்திருவிழாவுக்கு இங்கிருந்து குடும்பம் குடும்பமாகப் போய்வருகிறோம். நேர்ச்சை செலுத்துகிறோம், மொட்டை போடுகிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம். கொங்கு நாட்டில் நம் விசுவாசத்தின் தொட்டில்களுள் அது ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபைக் குருக்கள் காவிரிக்கும் பவானிக்கும் நொய்யலுக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் நற்செய்தியை விதைத்தார்கள். அன்று சாலை கிடையாது. ஒரு குரு நடந்தோ குதிரையிலோ தம் ஊர்களை எல்லாம் சுற்றி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஒருமுறை வந்து திருப்பலி நிறைவேற்றிவிட்டுப் போனால், அடுத்த முறை அவர் முகத்தைப் பார்க்க ஓராண்டுகூட ஆகலாம்.

அந்த அரைகுறை வசதியும் ஒருநாள் போயிற்று. 1759-இல் போர்த்துக்கல் அரசு தன் ஆளுகைக்கு உட்பட்ட நாடுகளிலிருந்து இயேசு சபையினரை வெளியேற்றியது. 1773-இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் அச்சபையையே கலைத்தார். ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட முடிவு, பல்லாயிரம் மைலுக்கு அப்பால் நம் சிற்றூர்களைக் குரு இல்லாத ஊர்கள் ஆக்கிவிட்டது. இருந்தவர்கள் முதுமையடைந்து ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். புதியவர்கள் வரவில்லை. பின்னர் பாரீஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் பொறுப்பேற்றபோது, பரந்து கிடந்த இப்பகுதிக்குக் கிடைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய குருக்களே.

போதாக்குறைக்கு அது போர்க்காலம். கொங்கு நாடு மைசூர் ஆட்சிக்குள் இருந்தது. மைசூருக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் தீராத பகை. கிறிஸ்தவர்கள் எதிரிக்குத் துணைபோவார்கள் என்ற ஐயத்தில், 1784-இல் திப்பு சுல்தான் கன்னடக் கடற்கரைக் கிறிஸ்தவர்களை ஆயிரக்கணக்கில் சிறைபிடித்து ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குக் கொண்டுசென்றார். அவர்களில் பலர் தங்கள் மதத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். இது ஓர் அரசின் போர்க்கால அரசியல். இதை இன்று நம்மோடு ஒரே மேசையில் தைக்கும், ஒரே பேருந்தில் வரும் இஸ்லாமியச் சகோதரர்கள்மீது சுமத்துவது பாவம். நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அச்சத்தில் விழுந்த அந்த மக்களில் பலர், 1799-இல் போர் முடிந்ததும் திரும்பி வந்தார்கள். சிதறிய கூட்டத்தை மீண்டும் ஒன்றுசேர்க்கும் பணி அருள்பணியாளர் துபுவா என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

குரு இல்லாத அந்த ஆண்டுகளில் விசுவாசத்தைக் காத்தவர்கள் யார்? உபதேசியார்களும் வீட்டுத் தாய்மார்களும்தான். சாகக்கிடந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மாலையில் விளக்கேற்றி, பிள்ளைகளை உட்காரவைத்து, செபமாலை மணிகளை ஒவ்வொன்றாக உருட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இறந்தவர்களைச் செபம் சொல்லி அடக்கம் செய்தார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மறுபடியும் குரு வருவாரா என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலேதான் சிலுவை அடையாளம் வரையப் பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பழக்கினார்கள்.

அருள்பணியாளர் துபுவாவை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1792-இல் நம் நாட்டுக்கு வந்தவர். நம் மக்களைப்போல் உடுத்து, நம் மக்களின் உணவை உண்டு, தமிழகத்திலும் மைசூர் நாட்டிலும் 31 ஆண்டுகள் வாழ்ந்தார். இந்நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் உலகப் புகழ்பெற்றது. பெரியம்மை ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போன காலத்தில் அம்மைத் தடுப்பூசியை முன்னின்று பரப்பினார். 1803-04இல் எட்டு மாதங்களில் மட்டும் 25,432 பேருக்குத் தடுப்பூசி போடப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது.

அப்படிப்பட்டவர் 1823-இல் மனம் தளர்ந்து பிரான்சுக்குத் திரும்பினார். இந்நாட்டில் கிறிஸ்தவ மறை இனிமேல் வேர்பிடிக்காது என்று வெளிப்படையாக எழுதியும் வைத்தார். அவர் பாடுபட்டது உண்மை. அவருடைய கண்ணுக்குப் பலன் தெரியவில்லை என்பதும் உண்மை. நாம் அவரைக் குறை சொல்ல வேண்டாம். முப்பது ஆண்டு வெயிலில் நடந்தவரின் களைப்பு அது. ஆனால் அவருடைய கணக்கு தவறிப்போனது. அவர் இனி இல்லை என்று எழுதிய அதே மண்ணில்தான் இன்று நாம் திருப்பலிக்குக் கூடியிருக்கிறோம். விசுவாசத்தின் விளைச்சலை உழுதவனே அளந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரண்டாவதாக ஒருவர். மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக். இவரும் பிரான்சு நாட்டவர், 1813-இல் பிறந்தவர். 1842-இல் புதுச்சேரியில் வந்து இறங்கினார், தமிழ் கற்றார். நான்கே ஆண்டுகளில், 1846 அக்டோபர் 4 அன்று, நம் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவைத் திருச்சபையின் முதல் ஆயர் அவரே. செபமாலை அன்னையின் மாதத்தில், அந்த அன்னையின் காலடியில் தொடங்கியது அவருடைய ஆயர் பணி.

அவருடைய உள்ளத்தில் ஒரே ஒரு பெரிய ஆசை இருந்தது. இந்த மண்ணின் திருச்சபையை இந்த மண்ணின் பிள்ளைகளே நடத்த வேண்டும், இங்கே பிறந்தவர்கள் குருக்களாகவும் ஆயர்களாகவும் ஆக வேண்டும் என்பதே அது. அதற்காகக் குருமடத்தைப் பேணி வளர்த்தார். ஆனால் உடன் உழைத்தவர்கள் எல்லாரும் அவரைப்போல் நினைக்கவில்லை. சாதி வழக்கங்களை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்ளலாம் என்ற நெடுநாள் சர்ச்சையும் அவருடைய மனச்சான்றை வாட்டியது. எட்டரை ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 1855-இல் உரோமை அவருடைய பணி விலகலை ஏற்றுக்கொண்டது. வந்த வேலை முடியாமலே அவர் கோவையை விட்டுப் போனார்.

நம்மில் யாராவது அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம்? சொந்த ஊருக்குப் போய் ஓய்ந்திருப்போம். அவரோ மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும்படி கேட்டார். 1856 டிசம்பர் 8, அமல உற்பவ அன்னை திருநாளில், லியோன் நகரத்து ஃபூர்வியேர் குன்றின்மேல் அன்னையின் திருத்தலத்தில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859 மே 14 அன்று சியரா லியோன் நாட்டின் ஃப்ரீடவுனில் இறங்கினார். ஊரில் மஞ்சள் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியிருந்தது. தம் துணைவர்கள் அங்கே இருக்கும்போது தாம் கரையேறாமல் திரும்ப அவருக்கு மனம் வரவில்லை. ஜூன் 25 அன்று அவர் இறந்தார். ஆப்பிரிக்க மண்ணில் அவர் வாழ்ந்தது ஆறே வாரங்கள். துணைவர்களிலும் பலர் அதே சில வாரங்களுக்குள் மாண்டார்கள்.

அவருடைய கடைசி மூச்சைப் பற்றி அச்சபையினர் இன்றும் ஒரு செய்தியைச் சொல்லிவருகிறார்கள். இறக்கும் நேரத்தில் விசுவாசம், எதிர்நோக்கு என்ற இரண்டு சொற்களைச் சொன்ன ஆயருக்கு மூன்றாவது சொல் வரவில்லையாம். அருகில் இருந்தவர் அன்பு என்று எடுத்துக்கொடுக்க, அதற்கு நன்றி சொல்லிக் கண்மூடினாராம்.

அன்றைய கணக்குப்படி பார்த்தால் என்ன மிச்சம்? கோவையில் முடிக்காத வேலை, ஆப்பிரிக்காவில் சில கல்லறைகள். ஆனால் லியோனில் இருந்த அவருடைய துணைவர் அகுஸ்தின் பிளாங்க் சபையைக் கலைக்கவில்லை. 1861-இலேயே அடுத்த குழு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியது. இன்று அச்சபையில் நம் இந்திய நாட்டுப் பிள்ளைகளும் குருக்களாக ஆப்பிரிக்காவில் உழைக்கிறார்கள். அவர் கனவு கண்டபடியே இன்று இந்த மண்ணில் பிறந்தவர்கள் நமக்கு ஆயர்களாகவும் பங்குக்குருக்களாகவும் இருக்கிறார்கள். 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். இவற்றில் ஒன்றையும் அவர் கண்ணால் காணவில்லை.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 11ஆம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது. ஆபேலில் தொடங்கி ஆபிரகாம், சாரா, மோசே என்று விசுவாச வீரர்களை வரிசையாகச் சொல்லிவந்த ஆசிரியர், அவர்கள் வாக்களிக்கப்பட்டதைக் கையில் பெறாமலே இறந்தார்கள் என்று நம்மைத் திடுக்கிட வைக்கிறார். தொலைவிலிருந்து அதைக் கண்டு வாழ்த்தினார்கள், அவ்வளவுதான். ஆகவே விசுவாசம் என்பது நாம் கேட்டதைக் கடவுள் தந்தே தீருவார் என்ற உறுதிச்சீட்டு அல்ல. கடவுள் உண்மையுள்ளவர் என்று அறிந்து, இன்றைய கடமையை இன்று செய்வதே விசுவாசம். விளைவு அவர் கையில்.

இந்தப் பாடம் திருப்பூருக்கு மிகவும் வேண்டியது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட மாதங்களை நாம் மறக்கவில்லை. நொய்யலைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது. ஆனாலும் கூலிக்காரர் வீட்டு அடுப்பு அணைந்தது. 2020 ஊரடங்கில் மெஷின்கள் நின்றன. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா நம் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, சனிக்கிழமை சம்பளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் மறுபடியும் கலங்கின. அப்போதெல்லாம் செபித்தவர்களும் வேலை இழந்தார்கள். செபிக்காத சிலருக்கு ஆர்டர் கிடைத்தது. நம் விசுவாசம் லாபக் கணக்காக இருந்தால் அன்றே அது தோற்றுப்போயிருக்கும். அத்திமரம் பூக்காவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் ஆண்டவரில் மகிழ்வேன் என்ற பொருளில் இறைவாக்கினர் அபக்கூக்கு பாடியது இப்படிப்பட்ட நாள்களுக்காகத்தான்.

இதைக் கேட்டுவிட்டு, எல்லாம் கடவுள் விட்ட வழி என்று கைகட்டி உட்கார்ந்துவிடக் கூடாது. துபுவா அம்மைநோயைக் கண்டு செபம் மட்டும் சொல்லவில்லை, தடுப்பூசியும் போடச் செய்தார். செயலற்ற விசுவாசம் செத்தது என்று கற்பிக்கும் புனித யாக்கோபு, கூலியாளின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்றும் எச்சரிக்கிறார். கம்பெனி நடத்தும் நம் சகோதரர்களுக்கு விசுவாசம் என்றால், சரியான கூலி, உரிய வைப்புநிதி, தீபாவளி போனஸ். மேஸ்திரிக்கு விசுவாசம் என்றால், தம்மிடம் வேலைசெய்யும் பெண்களிடம் மரியாதையான பேச்சு. செக்கிங் மேசையில் நிற்பவருக்கு விசுவாசம் என்றால், யாரும் பார்க்காதபோதும் ஓட்டைத் துணியை ஒதுக்கிவைப்பது.

இன்னொன்றையும் நினைத்துப் பார்ப்போம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கி வேலைசெய்யும் நம் சகோதர சகோதரிகள், மொழி புரியாவிட்டாலும் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் வந்து நிற்கிறார்கள். ஷிப்ட் விடாத ஞாயிற்றுக்கிழமைகளில் அறையிலேயே செபமாலை சொல்கிறார்கள். குரு இல்லாத காலத்தில் கொங்குச் சிற்றூர்களில் விளக்கேற்றிய நம் முன்னோர் இவர்களைப் போலத்தான் இருந்திருப்பார்கள். அவர்களை முன்வரிசைக்கு அழைப்போம். அவர்கள் மொழியில் ஒரு வாசகமாவது வாசிக்கச் செய்வோம்.

விசுவாசத்தில் தளர்ந்தவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நீங்கள் வெளியாட்கள் அல்ல. அச்சத்தில் விழுந்து பின்னர் திரும்பி வந்தவர்களும் நம் முன்னோரே. தன் மகனுக்காக மன்றாடிய தந்தை, தன் நம்பிக்கையின் குறையையும் சேர்த்தே ஆண்டவர்முன் வைத்தார். ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை, மகனை எழுப்பிக் கொடுத்தார்.

இன்று இரவு, ஓவர்டைம் முடிந்து எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தாலும், பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பத்துமணிச் செபமாலையாவது சொல்லுங்கள். அதன் பலன் யாருடைய காலத்தில் தெரியும் என்று கேட்க வேண்டாம். நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படிக் கேட்கவில்லை.

விசுவாசத்தைத் தொடங்கி அதை நிறைவு செய்கிறவரான ஆண்டவரே, காணாமலே நம்பவும், கூலி குறைந்த நாளிலும் உம்மில் நிலைத்திருக்கவும், எங்கள் கையில் தந்ததை எங்கள் பிள்ளைகள் கையில் சேர்க்கவும் அருள்தாரும். செபமாலை அன்னையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.