காய்ச்சலை உண்டாக்கிய மின்சாரமும் காய்ச்சலில் மாண்ட ருவான்வெல்லையும்

மூட்டுவலி, முதுகுவலி என்று வைத்தியசாலைகளின் இயன் மருத்துவப் பிரிவை நாடியவர்களுள் பலர் அந்த இயந்திரத்தைக் கண்டிருப்பர். இரண்டு தட்டுகளுக்கு நடுவே முழங்காலை வைத்தால், தட்டுகள் தோலைத் தொடாமலேயே உள்ளே இதமான சூடு பரவும். 'சோர்ட்வேவ் டையதர்மி' என்பது அதன் பெயர். என் முழங்காலும் அந்த இதத்தை அறியும். அதன் வரலாற்றைத் தேடப் புகுந்த எனக்கு, சற்றும் எதிர்பாராத வகையில் சப்ரகமுவையின் ருவான்வெல்லை நினைவுக்கு வந்தது. காரணத்தைச் சொல்கிறேன்.

நம் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைவது. அது உடலில் பாய்ந்தால் தசைகள் வெட்டி இழுக்கும், உயிரும் போகலாம். ஆனால் அலைவின் வேகத்தைப் பல்லாயிரம் மடங்காகக் கூட்டினால், நரம்புகளால் அதற்கு ஈடுகொடுத்துத் துடிக்க முடிவதில்லை. வெப்பம் மாத்திரமே எஞ்சுகிறது. 1890களின் தொடக்கத்தில் இதனை ஆராய்ந்து நிறுவியவர் பிரெஞ்சு மருத்துவ அறிஞர் தார்சன்வால். பின்னர் ஜெர்மனியின் நாகல்ஷ்மிட் இம்முறைக்கு 'டையதர்மி' என்று பெயரிட்டார். ஊடுருவிச் சூடேற்றுதல் என்பது அச்சொல்லின் கிரேக்கப் பொருள். இன்றைய கருவிகளில் மின்புலம் செக்கனுக்கு 2 கோடியே 71 இலட்சத்து 20 ஆயிரம் தடவை அலைகிறது.

இவ்வரலாற்றில் ஒரு விசித்திரமான அத்தியாயம் உண்டு. மூளையைத் தாக்கிய சிபிலிஸ் நோய்க்கு மருந்தில்லாத 1917இல், வியன்னா மருத்துவர் வாக்னர் யௌரெக் நோயாளிகளின் உடலில் மலேரியாக் கிருமியையே ஏற்றினார். கடுங்காய்ச்சல் சிபிலிஸ் கிருமியை ஒடுக்கும். பின்னர் குயினைன் கொடுத்து மலேரியாவை அடக்கிவிடலாம் என்பது கணக்கு. இதற்காக 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனினும் மலேரியா சில நோயாளிகளின் உயிரையும் பறித்தது. இதற்கிடையே அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில், சிற்றலை வானொலிக் கருவிகளின் அருகே நின்ற பணியாளர்களின் உடல்வெப்பம் உயர்வது தெரியவந்தது. அதன் தலைவர் விட்னி, இதையே மருத்துவமாக்கலாம் என்று கண்டார். 1930களில் மலேரியாவுக்குப் பதிலாக மின்சாரமே நோயாளிக்குக் காய்ச்சலை உண்டாக்கியது. வெப்பம் எல்லை மீறினால் விசையை நிறுத்திவிடலாம்.

அதே 1930களில்தான், 1934 ஒக்டோபர் அளவில், ருவான்வெல்லை அடங்கிய கேகாலை மாவட்டத்தை மலேரியா சூறையாடத் தொடங்கியது. மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகி, அவற்றில் நுளம்புகள் பெருகின. உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பரின் விலை வீழ்ந்திருந்தது. வறட்சியால் விளைச்சலும் இல்லை. பசித்த உடல்கள் காய்ச்சலைத் தாங்கவில்லை. ஏழு மாதங்களில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம் கேகாலையே. டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் என்.எம். பெரேராவும் சூரியமல் இயக்கத் தோழர்களுடன் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். 1936இல் ருவான்வெல்லை மக்கள் பெரேராவை அரசாங்க சபைக்குத் தெரிவு செய்தனர்.

ஒரே காலம், ஒரே காய்ச்சல். ஓரிடத்தில் அது கட்டிலும் தாதியும் வெப்பமானியும் சூழ, வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்கப்பட்ட மருந்து. மற்றோரிடத்தில் அதை நிறுத்தும் விசை எவர் கையிலும் இருக்கவில்லை. அந்த வேறுபாட்டை உண்டாக்கியது நோயன்று. வறுமையே என்பது என் எண்ணம்.

1940களில் பெனிசிலின் வந்ததும் காய்ச்சல் மருத்துவம் மறைந்தது. இலங்கை மலேரியாவை முற்றாக ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. டையதர்மியோ வலி தணிக்கும் எளிய கருவியாக ஒதுங்கி நிற்கிறது. இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. அதன் சூடு துணை மாத்திரமே. முழங்காலுக்கு நீடித்த பலன் தருவது பயிற்சிதான் என்பதே இன்றைய மருத்துவத்தின் கருத்து.

இனி அத்தட்டுகளின் நடுவே அமரும்போது ருவான்வெல்லையையும் ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.