கூட்டமும் பெயர்ப் பதிவும்

பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி நிர்வாகத்தினர் கேட்டபோது தயங்கினேன். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு மளிகை வியாபாரம் செய்பவன். வரலாறு படித்தவன் அல்லன். ஆனாலும் நாம் எல்லோரும் கண்ணால் கண்ட ஒரு வரலாறு உண்டு. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

2020 பிப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை மஸ்ஜித் ஜாமெக் ஸ்ரீ பெட்டாலிங்கில் தப்லீக் ஒன்றுகூடல் நடந்தது. சுமார் 16,000 பேர் கூடினார்கள். அவர்களில் ஏறத்தாழ 1,500 பேர் வெளிநாட்டவர். நம் கம்போங் மேடானிலிருந்து அந்தப் பள்ளிவாசல் காரில் கால் மணி நேரத் தொலைவுதான். அன்று நாட்டில் கூட்டம் கூடத் தடை எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விதியை மீறி யாரும் கூடவில்லை.

மார்ச் 9-ஆம் தேதி புருணை தன் முதல் கோவிட்-19 நோயாளியை அறிவித்தது. அவர் ஸ்ரீ பெட்டாலிங் வந்து திரும்பியவர். நம் வீட்டுச் செய்தி நமக்கு அயல்நாட்டிலிருந்து வந்தது. அதற்குள் கூட்டம் கலைந்து எட்டு நாள் ஆகிவிட்டது. ஒரே சஹனில் சாப்பிட்டு, தோளோடு தோள் நின்று தொழுதவர்கள் பல மாநிலங்களுக்கும் பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மார்ச் 17-இல் நாட்டின் முதல் இரண்டு கோவிட் மரணங்கள் பதிவாயின. இறந்தவர்களில் ஒருவர் அந்த ஒன்றுகூடலுக்குப் போனவர். மறுநாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஜூலை 8-ஆம் தேதி அந்தத் தொற்றுத் திரள் முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது, 42,023 பேர் பரிசோதிக்கப்பட்டிருந்தார்கள். 3,375 பேருக்குத் தொற்று. 34 பேர் மரணம்.

சுகாதார அமைச்சுக்கு இருந்த பெரிய சிரமம், வந்தவர்களின் முழுப் பட்டியல் இல்லாததுதான். யார் எந்த ஊர், யார் பக்கத்தில் யார் படுத்தார் என்று தெரியாமல் நோயைத் துரத்த முடியாது. ஆகவே போனவர்கள் தாமாகவே முன்வர வேண்டும் என்று அன்றைய சுகாதாரத் தலைமை இயக்குநர் நூர் ஹிஷாம் அப்துல்லா வேண்டிக்கொண்டார். பல ஆயிரம் பேர் வந்தார்கள். சிலர் பயந்தார்கள். ஆவணம் இல்லாதவருக்குக் கைது பயம், மற்றவருக்கு ஊர்ப் பேச்சின் பயம்.

அந்தப் பயத்தில் எனக்கும் பங்கு உண்டு. அந்த வாரம் என் கடை வாசலில், வழக்கமாக வரும் ஒருவரை நிறுத்தி, "பாய், நீங்க அங்க போனீங்களா?" என்று பலர் முன்னால் கேட்டேன். போனதாக உண்மையைச் சொன்னார். "அப்போ கடைக்குள்ள வராதீங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போனார். வரிசையில் நின்ற இன்னொருவரும் போனவர்தான் என்பது எனக்குத் தெரியாது. அவர் பத்து நாள் கழித்தே பரிசோதனைக்குப் போனார். "அன்னிக்கு உங்க கடையில நடந்ததைப் பார்த்தேன், அதான் வாயைத் திறக்கல" என்று பிறகு என்னிடமே சொன்னார். அவர் வீட்டில் வயதான உம்மா இருந்தார். நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அதே மாதம் டில்லி நிஜாமுத்தீனிலும் இப்படியே நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் ஊர் திரும்பியதும் நோயோடு பழியும் சேர்ந்துகொண்டது. அங்கு வந்திருந்த வெளிநாட்டவர் சிலர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே நீதிமன்றம் கருதியது. வதந்தி ஒரு வட்டாரத்தை என்ன செய்யும் என்பது 2001 மார்ச்சைக் கண்ட நம் கம்போங் மேடானுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெருங்கூட்டத்தில் நோயைக் கண்காணிப்பது நமக்குப் புதிதல்ல. ஹஜ்ஜின் வரலாறே அதற்குச் சான்று. 1865-இல் மக்காவில் காலரா பரவி, கூடியிருந்த சுமார் 90,000 ஹாஜிகளில் 15,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. நோய் கப்பலேறி சூயஸ் வழியாக ஐரோப்பா வரை போனது. மறு ஆண்டே இஸ்தான்புல்லில் பல நாடுகள் கூடி இதைப் பற்றி ஆராய்ந்தன. 1882-இல் செங்கடலின் கமரான் தீவில் உதுமானிய அரசு தனிமைப்படுத்தும் நிலையம் திறந்தது. இந்தியாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் போன ஹஜ்ஜுக் கப்பல்கள் அங்கே நின்றுதான் ஜித்தா போயின. 1987 ஹஜ்ஜில் மூளைக்காய்ச்சல் பரவிய பிறகு தடுப்பூசி போட்டால்தான் விசா என்றானது.

சிறு வயதில் என் நன்னியை வழியனுப்பக் கிளானா ஜெயா தாபோங் ஹாஜி வளாகத்துக்குப் போனது நினைவிருக்கிறது. கழுத்தில் பெயர் அட்டை, கையில் மருத்துவப் புத்தகம். லட்சக்கணக்கானோர் கூடும் இடத்திலும் நன்னி ஒரு பெயரோடு போனார். அவர் எங்கே, என்ன ஊசி போட்டவர் என்று கேட்டால் சொல்ல ஆள் இருந்தது.

வியாபாரிக்கு இது எளிதில் புரியும். என் கடன் நோட்டைப் புரட்டினால் யார் எந்தத் தேதியில் வந்தார் என்று தெரிந்துவிடும். 2020 மே மாதம் கடைகள் திறந்தபோது வாசலில் இன்னொரு நோட்டும் வைத்தோம். பெயர், தொலைபேசி எண், உடல் வெப்பம். பிறகு சிலாங்கூர் அரசின் செலங்கா, மைசெஜாத்ரா என்று கைப்பேசிக்கு மாறினோம். நோய் தணிந்ததும் நோட்டை மூடிவிட்டோம்.

நம் சங்கத்தில் அதை மீண்டும் திறக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கந்தூரி, மீலாது விழா, நோன்புக் கஞ்சி எதுவானாலும் வருவோர் பெயரும் எண்ணும் பதிவாகட்டும். சமைப்பவர்கள் டைஃபாய்டு ஊசி போட்டவர்களா என்று பார்ப்போம். விருந்துக்குப் பிறகு நாலைந்து பேருக்கு ஒரே மாதிரி வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால், பெட்டாலிங் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு அன்றே சொல்ல ஒருவரைப் பொறுப்பாக்குவோம். அந்தப் பட்டியல் அமானிதம். யாரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க அது பயன்படக் கூடாது. சில வாரங்கள் கழித்து அழித்துவிடலாம்.

நான் வாசலில் நிறுத்திய அந்த பாய் இப்போதும் என் கடைக்கு வருகிறார். மன்னிப்புக் கேட்டேன், சிரித்துக்கொண்டார். நம் சங்கத்தில் அடுத்த கூட்டம் கூடும்போது முதல் பெயராக என் பெயரை எழுதத் தயாராக இருக்கிறேன்.