கருப்பை இறக்கம்: தமிழ்நாட்டில் ஒரு மறைவான நோயின் வரலாறு

கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகிய உறுப்புகளைக் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கு இடுப்புத்தளத் தசைகள் என்று பெயர். இணைப்பு நார்கள் இவ்வுறுப்புகளைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. பிரசவத்தில் இவை நைந்தோ கிழிந்தோ போனால் உறுப்புகள் பிறப்புறுப்பின் வழியே கீழே சரியும். இதுவே கருப்பை இறக்கம். பேச்சுவழக்கில் ‘கர்ப்பப்பை இறங்கிவிட்டது’ என்பார்கள். அடிவயிற்றில் கனம், இடுப்புவலி, இருமினால் சிறுநீர் கசிதல், ஏதோ வெளியே வருவது போன்ற உணர்வு ஆகியவை இதன் அறிகுறிகள்.

பழைய மருத்துவம்

இந்நோய் புதியதன்று. சுசுருத சம்கிதை கூறும் பெண்நோய்களுள் ‘பிரஸ்ரம்ஸினி’ என்பதை இன்றைய மருத்துவர்கள் கருப்பை இறக்கத்தோடு ஒப்பிடுகிறார்கள். பண்டைய கிரேக்கத்தில் நோயாளியைத் தலைகீழாகக் கட்டிக் குலுக்கினர். பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்துத் தாங்கச் செய்தனர். உறுப்பை உள்ளே நிறுத்தும் ‘பெசரி’ வளையம் அந்த மாதுளம்பழத்தின் இன்றைய வடிவம் எனலாம். இப்போது அது சிலிக்கோனில் கிடைக்கிறது.

மருத்துவமனையும் அறுவையும்

சென்னையில் 1844-இல் பிரசவ மருத்துவமனை தொடங்கியது. அதுவே பின்னாளில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையாக வளர்ந்தது. ஆனால் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டப் பெண்கள் பலர் தயங்கினர். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் இத்தயக்கத்தை நேரில் கண்டவர். அவர் முயற்சியால் 1885-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை எழுந்தது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் அது இயங்குகிறது.

அதே காலத்தில், 1888-இல், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்ச்சிபால்ட் டொனால்டு இந்நோய்க்கு ஓர் அறுவை முறையை வகுத்தார். அது ‘மான்செஸ்டர் அறுவை’ எனப்படுகிறது. இந்தியாவில் இளம்பெண்களுக்கும் இந்நோய் வந்தது. இன்னும் குழந்தை பெற வேண்டியவர்களின் கருப்பையை எடுத்துவிட முடியாதே! பம்பாய் மருத்துவர் வி. என். ஷிரோத்கர் இதற்கு வழி கண்டார். கருப்பையின் கழுத்தை நாடா போன்ற பட்டையால் முதுகெலும்பின் அடிப்பகுதியோடு பிணைத்து நிறுத்தினார். அவர் பெயரால் அம்முறை இன்றும் மருத்துவப் பாடநூல்களில் உள்ளது. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல், இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியை வெளியிட்டார். தொடக்கநிலை இறக்கத்துக்கு அப்பயிற்சி இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது.

செங்கல்பட்டுப் பெண்கள் சொன்னது

அறுவை முறைகள் வளர்ந்தும் நோய் ஏன் குறையவில்லை? இக்கேள்விக்கு விடை கிராமத்திலிருந்து வந்தது. 1981-இல் சுந்தரி ரவீந்திரனும் செங்கல்பட்டுப் பகுதித் தலித் பெண்களும் சேர்ந்து ‘ருவ்செக்’ எனப்படும் ஊரகப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைத் தொடங்கினர். பின்னர் இம்மையத்தினர் கருப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களிடம் அவர்களுடைய அனுபவத்தைக் கேட்டுப் பதிவு செய்தனர். இது வயதானவர்களின் நோய் மட்டுமன்று என்பது அதில் தெளிவாயிற்று. பலருக்கு இளம் வயதிலேயே, முதல் சில பிரசவங்களுக்குள் தொடங்கியிருந்தது. பிள்ளை பெற்ற உடல் தேறுமுன் நடவு, களையெடுப்பு, தண்ணீர்க் குடம், விறகுச் சுமை என வேலைக்குத் திரும்பியவர்கள் அவர்கள். அறுவை செய்துகொண்டாலும் அதன்பின் ஓய்வெடுக்க வழியில்லை. ஆகவே வெளியே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டனர்.

ஓய்வு யாருக்குக் கிடைத்தது?

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ஒரு பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்றது. ஆசிரியைகளுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் நாற்று நடும் பெண்ணுக்கும், எங்கள் சிங்கம்புணரிப் பக்கம் சிறு கூடங்களில் தென்னை நாரைக் கயிறாகத் திரிக்கும் பெண்ணுக்கும் விடுப்பு எழுதிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை.

இந்தக் கூலி இழப்பை ஈடுசெய்யவே தமிழக அரசு 1987-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் உதவித்தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், பின்னர் 12,000, 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. நேபாள உச்ச நீதிமன்றமோ 2008-இல், கருப்பை இறக்கத்தைத் தடுக்கத் தவறுவது பெண்களின் இனப்பெருக்க உரிமையை மீறுவதாகும் என்றே தீர்ப்பளித்தது.

இன்று

கருப்பை இறக்கம் என்றாலே கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. நிலையைப் பொறுத்துப் பயிற்சி, பெசரி, கருப்பையைக் காக்கும் அறுவை எனப் பல வழிகள் உண்டு. நாள்பட்ட இருமலையும் மலச்சிக்கலையும் கவனிப்பதும், பிரசவத்துக்குப் பின் சில வாரங்கள் பளு தூக்காதிருப்பதும் உதவும். ஆனால் பளு தூக்காதே என்று மருத்துவர் சொன்னால் மட்டும் போதாது. குடத்தையும் விறகையும் வீட்டிலுள்ள மற்றவர்கள் தூக்கினால்தான் அந்த அறிவுரை பலிக்கும்.