புற ஊதா ஒளிச்சிகிச்சை

புற ஊதா ஒளிச்சிகிச்சை என்பது கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களை விளக்குகளின் வழியே அளந்து தோலில் பாய்ச்சும் மருத்துவ முறை. சொரியாசிஸ், வெண்புள்ளி, கரப்பான் முதலிய நோய்களுக்கு இது பயன்படுகிறது. தோலிலுள்ள நோயெதிர்ப்புச் செல்களின் மிகைச் செயலை இக்கதிர் தணிக்கிறது. வெண்புள்ளி நோயில் மயிர்க்கால்களில் எஞ்சியிருக்கும் நிறமிச் செல்களைத் தூண்டுகிறது.

வரலாறு

மூலிகையையும் வெயிலையும் சேர்த்துத் தோலுக்கு மருந்தாக்கும் வழக்கம் மிகப் பழையது. இந்தியாவில் கார்போகரிசி என்னும் விதை வெண்புள்ளிக்கு மருந்தாயிற்று. எகிப்தில் அம்மி மேஜஸ் என்னும் செடியின் விதை அவ்விடத்தைப் பெற்றது. 13ஆம் நூற்றாண்டு மூலிகை அறிஞர் இப்னு அல்-பைத்தார் அதை விவரித்துள்ளார். இரண்டிலும் சோராலென் வகைப் பொருள்கள் உள்ளன. இவை தோலை ஒளிக்குக் கூருணர்வுள்ளதாக்கும்.

நவீன ஒளிமருத்துவத்தின் தந்தை நீல்ஸ் ஃபின்சென். ஃபாரோ தீவுகளில் 1860இல் பிறந்த இவர், 1895இல் கோபன்ஹேகனில் கார்பன் வில்விளக்கின் ஒளியைத் தோல் காசநோய்க்குப் பயன்படுத்தினார். ஒளியைப் படிகக்கல் வில்லைகளால் குவித்து, குளிர்நீர் ஓடும் படிகக்கல் தகட்டைப் புண்மேல் அழுத்திப் பிடிப்பார்கள். அழுத்தத்தில் இரத்தம் விலகிவிடுவதால் கதிர் ஆழமாக இறங்கும். நீர் சூட்டைத் தணிக்கும். இப்பணிக்காக 1903ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கோக்கர்மன் 1925இல் நிலக்கரித் தாரையும் புற ஊதாக் கதிரையும் இணைத்துச் சொரியாசிஸுக்குச் சிகிச்சை தந்தார். 1940களில் எகிப்திய மருத்துவர் எல் மொஃப்தி, அம்மி மேஜஸிலிருந்து பிரித்தெடுத்த மெத்தாக்சாலெனை வெண்புள்ளிக்கு அளித்தார். சோராலெனுடன் யுவிஏ என்னும் புற ஊதாக் கதிரைச் சேர்க்கும் ‘பூவா’ முறை சொரியாசிஸைத் தணிப்பதைப் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், பாதக் முதலியோர் 1974இல் வெளியிட்டனர்.

வகைகள்

யுவிஏ 320 முதல் 400 நானோமீட்டர். யுவிபி 280 முதல் 320. யுவிபியில் 311 நானோமீட்டரை ஒட்டிய குறும்பட்டை ஒளியே இன்று முதல் தெரிவு. பூவாவைப் போலச் சோராலென் மாத்திரை தேவையில்லாததால் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இது ஏற்றது. சிறு திட்டுகளுக்கு 308 நானோமீட்டர் எக்சைமர் ஒளி உண்டு. கிருமிநீக்கத்துக்கான யுவிசி விளக்கு சிகிச்சைக்கு உரியதன்று. அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.

பாதுகாப்பு

இச்சிகிச்சையில் அளவே உயிர்நாடி. முதலில் முதுகிலோ முன்கையிலோ துளைகளிட்ட மறைப்பை வைத்து, துளைக்குத் துளை ஒளியின் அளவைக் கூட்டுவார்கள். 24 மணி நேரம் கழித்து, லேசாகச் சிவந்திருக்கும் துளையிடங்களில் மிகக் குறைந்த ஒளி பெற்றது எதுவோ, அதன் அளவில் சுமார் 70 விழுக்காட்டில் குறும்பட்டைச் சிகிச்சை தொடங்கும். வெண்புள்ளிக்குப் பல இடங்களில் இச்சோதனையின்றியே சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிஜூலில் தொடங்குவர். வாரம் இரண்டு மூன்று முறை, படிப்படியாக அளவு கூடும். மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. எரிச்சலும் வலியும் உண்டா என்று கேட்டறிவது கட்டாயம். எரிச்சல் இருந்தால் அன்றைய ஒளியைத் தள்ளிவைக்க வேண்டும். பல நாள் விடுபட்டவர் பழைய அளவிலேயே தொடரக் கூடாது.

விளக்குகள் பொருத்திய சிகிச்சைக் கூண்டுக்குள் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். ஆண்கள் பிறப்புறுப்பை மறைத்துக்கொள்ள வேண்டும். டாக்சிசைக்ளின், தையாசைடு போன்ற மருந்துகள் ஒளிக்கூருணர்வைத் தரும். உட்கொள்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். லூபஸ் நோயாளிகளும், பரம்பரை ஒளி நோயான சீரோடெர்மா பிக்மென்டோசம் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

பூவாவுக்கு எச்சரிக்கை அதிகம். மாத்திரை உண்டதிலிருந்து 24 மணி நேரம் பகலொளியில் யுவிஏவைத் தடுக்கும் கண்ணாடி அணிவது அவசியம். யுவிஏ சன்னல் கண்ணாடியையும் ஊடுருவும். பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்தாலே தோல் வெந்துவிடக்கூடும். நீண்ட காலப் பூவா தோல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும். கார்போகரிசி எண்ணெயைத் தாமே பூசி வெயிலில் நிற்பதும் இதே காரணத்தால் கொப்புளத்தில் முடியும்.

இன்றைய நிலை

பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளில் இச்சிகிச்சை கிடைக்கிறது. மருத்துவர் கண்காணிப்பில் வீட்டில் பயன்படுத்தும் கருவிகளும் வந்துள்ளன.