பீரங்கியும் பருவக்காற்றும்

திருகோணமலைப் பள்ளிக்கூடங்களில் கல்விச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் கொழும்புதான். 1877இல் திறந்த தேசிய நூதனசாலை, 1965இல் திறந்த கோள்மண்டலம், பிறகு மாலையில் காலிமுகத்திடல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோள்மண்டலத்தை ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது பார்க்கத்தான் வேண்டும். ஆனால் காற்றும் கடலாழமும் தலையெழுத்தைத் தீர்மானித்த ஓர் ஊர், அந்தக் காற்றையும் ஆழத்தையும் தன் பிள்ளைகளுக்கு விளக்கிக் காட்ட ஓரிடம் வைத்திருக்க வேண்டாமா? ஒல்லாந்தர் காலக் கட்டிடமொன்றில் கடற்படை வரலாற்று நூதனசாலை இயங்குகிறது. பிரெடரிக் கோட்டையில் பீரங்கிகள் நிற்கின்றன. போர் நடந்ததை இவை சொல்லும். அது ஏன் இங்கே நடந்தது என்று கேட்டால் வானிலையியலிடமும் நிலவியலிடமும்தான் போகவேண்டும்.

1782ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் அதைப் பறித்துக்கொண்டார். செப்டம்பர் 3ஆம் திகதி வெளிக்கடலில் அவருக்கும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸுக்கும் நடந்த சண்டையில் எவருக்கும் முழு வெற்றியில்லை. ஒரே ஆண்டில் ஒரு துறைமுகம் இப்படிக் கை மாறியதற்கு மன்னர்களின் பேராசையைக் காரணம் காட்டுவது சுலபம். பேராசை எங்கும் இருந்ததுதான்; கோரமண்டலக் கரையில் நல்ல துறைமுகம் இருக்கவில்லை. சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டன. ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று கிளம்பியதும் அங்கே நிற்க முடியாமல் பாய்மரக் கப்பல்கள் இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்கு ஓடின. அவை திரும்பி வரும்வரை கிழக்குக் கரை காவலின்றிக் கிடந்தது. அந்த ஆண்டு பம்பாய்க்குப் புறப்பட்ட ஹியூஸின் கப்பல்களையும் புயல் நொறுக்கியது. நிலம் சூழ்ந்த திருகோணமலை உட்துறையிலோ இரண்டு பருவக்காற்றுக்கும் தப்பி நிற்கலாம். 1795இல் மறுபடி வந்த ஆங்கிலேயர் இதனால்தான் பிறகு இலேசில் கைவிடவில்லை.

காற்று ஒரு பாதி என்றால் ஆழம் மறு பாதி. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவின் வாயிலிலிருந்தே கடலுக்கடியில் பெரும் பள்ளத்தாக்கொன்று தொடங்கி, ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. நீலத் திமிங்கிலம் இவ்வளவு கரையோரம் வருவதும், பெரிய கப்பல்கள் தரைதட்டாமல் நுழைவதும் இந்த ஆழத்தினால்தான். நிலக்கரி போய் எண்ணெய் வந்ததும் சீனக்குடாவில் ஆங்கிலேயர் எரிபொருள் குதங்களைக் கட்டினர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு குதம் எரிந்தது. அதன் உருக்குலைந்த இரும்பு இன்னும் அங்கேயே கிடக்கிறது. உருகுநிலை, வெப்பம், உலோகத்தின் இளக்கம் என்று பாடப்புத்தகத்தில் படிப்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கண்ணாடிப் பெட்டி காட்டிவிடும்?

நூதனசாலை என்றால் அரும்பொருள் வேண்டும், நம்முடையவை எல்லாம் வெளிநாட்டில் அல்லவா என்பார்கள். கேள்வி நியாயமானதே. 1782 சண்டையின் பெயரைத் தாங்கிய ‘திருகோணமலை’ போர்க்கப்பல், ஓக் மரம் தட்டுப்பாடாயிருந்த காலத்தில் பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கைவினைஞர் தேக்கினால் கட்டி 1817இல் நீரில் இறக்கியது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கும் நூதனசாலை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்த தாரா வெண்கலச் சிலை, 143 சென்ரிமீற்றர் உயரம், கெட்டியாக வார்த்துப் பொன்முலாம் பூசியது. ஆளுநராயிருந்த பிரவுன்றிக் 1830இல் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்தார். திருப்பிக் கேட்பது நம் உரிமை. ஆனால் அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பொக்கிஷம் காட்டும் நூதனசாலைக்குத்தான் பொருள் வேண்டும். விளக்கும் நூதனசாலைக்குத் துறைமுகத்தின் மாதிரியும் ஓடும் தண்ணீரும் ஒரு காற்றாடியும் போதும். உள்ளூரில் இருப்பதைப் பிடுங்கவும் வேண்டாம். 1950இல் கிணறு தோண்டும்போது வெளிப்பட்ட சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகள் கோணேசர் கோயிலில் வழிபாட்டில் இருக்கின்றன. அவை அங்கேயே இருக்கட்டும், வார்ப்பு முறையைப் படமாகக் காட்டலாம். அந்தக் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியில் 1956இல் கடலில் மூழ்கி, பழைய கோயிலின் தூண்களைக் கண்ட ஆர்தர் சி. கிளார்க், மைக் வில்சன் கதையும் அப்படியே. கிளார்க் அதை அடுத்த ஆண்டே நூலாக எழுதிவிட்டார். நம்மூர்ப் பிள்ளைக்கு அது இன்னும் தெரியாது.

பணம் எங்கே என்பதுதான் கடைசிக் கேள்வி. கட்டிடம் கட்டத்தான் பணம் அதிகம் வேண்டும், அதுவோ எண்ணெய்க் குதமாகத் தயாராக நிற்கிறது. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி சீனக்குடாவின் 99 குதங்களில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டின் கூட்டு நிறுவனத்துக்கு. பங்கீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. மாகாணக் கல்வித் திணைக்களம் அவர்களிடம் மாணவருக்கென்று ஒரேயொரு குதத்தைக் கேட்கட்டும்.