ஜப்பான் டாட்டூ: டிராகன் மட்டும் வரைஞ்சா போதுமா? டிசைன் செய்யும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

தோளில் ஒரு டிராகன், முழங்கைக்குக் கீழே ஒரு கோய் மீன், மணிக்கட்டில் நாலு ஜப்பானிய எழுத்து. ஜப்பான் டாட்டூ என்றதும் பலருக்கும் மனதில் வருவது இதுதான். ஆனால் இந்த மூன்றையும் தனித்தனியாகக் குத்திக்கொண்டால், அது ஜப்பானிய உருவங்கள் உள்ள டாட்டூதானே தவிர, ஜப்பானிய பாணி டாட்டூ ஆகாது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பார்த்ததும் அசல் என்று சொல்லும்படி ஒரு டிசைன் வேண்டும் என்றால் எதையெல்லாம் யோசிக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது இந்தப் பாணி?

ஜப்பானில் பச்சை குத்துவதற்குப் பொதுவான பெயர் 'இரெசுமி'. மையை உள்ளே செலுத்துவது என்று பொருள். உடம்பின் பெரும்பகுதியை மூடும் அலங்கார டாட்டூவை 'ஹொரிமோனோ' என்பார்கள். செதுக்கப்பட்டது என்று அர்த்தம்.

டாட்டூவுக்கு ஏன் 'செதுக்குவது' என்ற சொல்? இந்தப் பாணியின் வேர் மர அச்சு ஓவியங்களில் இருக்கிறது. 1827 வாக்கில் உதகாவா குனியோஷி என்ற ஓவியர், 'சுய்கோதென்' என்ற சீனக் கதையின் வீரர்களை மர அச்சுப் படங்களாக வெளியிட்டார். அந்த வீரர்கள் பலரின் உடம்பு முழுக்க டிராகன், பூ, அலை எனப் பச்சை குத்தியிருந்தது. எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், அந்தப் படங்கள் பெரிய ஹிட். படத்தில் பார்த்ததைச் சாமானிய மக்கள் தங்கள் முதுகில் கேட்க ஆரம்பித்தார்கள்.

இதில் முன்னால் நின்றவர்கள் எடோவின் தீயணைப்பு வீரர்கள். மர வீடுகள் நெருக்கமாக இருந்த ஊர் அது. தீ விபத்து அடிக்கடி நடக்கும். ஜப்பானிய நம்பிக்கையில் டிராகன் என்பது தண்ணீரின் தேவதை. அதனால் நெருப்போடு மோதுகிறவர் டிராகனை உடம்பில் சுமந்தார். ஆக, உருவத்துக்கும் அதைச் சுமக்கிறவருக்கும் ஒரு தொடர்பு இருந்தது.

படத்தை விட முக்கியமான பின்னணி

மேற்கத்திய பாணியில் ஒரு கையில் பத்து குட்டிப் படங்களைத் தனித்தனியாகப் போடலாம். ஜப்பானிய பாணியில் முதுகு முழுவதும் ஒரே படம். கை முழுவதும் ஒரே படம். அதில் ஒரு முதன்மை உருவம் இருக்கும். அதைச் சுற்றி அலை, மேகம், காற்று, பாறை என ஒரு பின்னணி ஓடும். பெரும்பாலும் இது கறுப்பு, சாம்பல் நிறத்தில் இருக்கும்.

அடர் கறுப்பிலிருந்து மெல்ல மெல்ல வெளிறிப் போகும் இந்த ஷேடிங்கின் பெயர் 'பொகாஷி'. இந்த இருட்டு இருப்பதால்தான் சிவப்பு மீனும் பச்சை டிராகனும் பளிச்சென்று தெரிகின்றன. டிராகனை மட்டும் போட்டுவிட்டு 'பின்னணியை அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டால், பிறகு அதைச் சேர்ப்பது சிரமம். அதனால் தொடக்கத்திலேயே முழு டிசைனையும் காகிதத்தில் முடிவு செய்வது நல்லது.

படம் முடியும் விளிம்புக்குக்கூட 'மிகிரி' என்று தனிப்பெயர் உண்டு. பியோனி பூவின் இதழ் போல வளைந்து முடியலாம். வெட்டினாற்போல நேர்கோட்டில் நிற்கலாம். விடியற்கால வானம் போல மங்கி மறையலாம். டிசைன் பேசும்போது இதையும் கேட்டுவிடுங்கள்.

எதோடு எது சேரும்?

ஜப்பானிய டாட்டூவில் ஜோடிப் பொருத்தம் உண்டு. பருவகாலக் கணக்கும் உண்டு. வழக்கமான சில ஜோடிகள் இவை:

• கோய் மீன், மேப்பிள் இலை: நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் மீனும் இலையுதிர் காலமும். அருவியை ஏறிக் கடக்கும் மீன் டிராகனாக மாறும் என்ற சீனக் கதைதான் இந்த மீனை விடாமுயற்சியின் அடையாளம் ஆக்கியது.

• காராஜிஷி, பியோனி: சிங்கம் போன்ற காவல் விலங்கும், பூக்களின் ராணி எனப்படும் பியோனியும். வீரமும் அழகும் சேர்ந்த ஜோடி.

• புலி, மூங்கில்: முரட்டு பலமும் வளைந்து கொடுக்கும் பலமும்.

• டிராகன், மேகம் அல்லது அலை: மழையையும் நீரையும் ஆளும் உயிருக்கு உரிய இடம்.

• ஹன்யா முகமூடி: நோ நாடகத்தில் வரும், பொறாமையால் பேயாக மாறிய பெண்ணின் முகம். நேராகப் பார்த்தால் கோபம் தெரியும். சற்றுக் குனிந்தால் சோகம் தெரியும். அதனால் எந்தக் கோணத்தில் வரைகிறோம் என்பதே அர்த்தத்தை மாற்றிவிடும்.

செர்ரி பூ வசந்தத்துக்கு, சாமந்தியும் மேப்பிளும் இலையுதிர் காலத்துக்கு, பனி குளிர்காலத்துக்கு. ஒரே படத்தில் பனியையும் மேப்பிளையும் காரணமில்லாமல் கலந்தால், விஷயம் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பொங்கல் கோலத்துக்கு நடுவில் கார்த்திகை விளக்கை வைத்தது மாதிரிதான்.

உடம்பு காகிதம் இல்லை

காகிதத்தில் அழகாக இருக்கும் டிராகன், கையில் ஏறியதும் புழு போலத் தெரியலாம். கை உருண்டை, முழங்கை மடங்கும், தோள் அசையும். டிராகனின் உடல் தசையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். முகம் மடிப்பில் மாட்டாமல், தோள் அல்லது மார்பு போன்ற அகலமான இடத்தில் வர வேண்டும்.

அளவுக்கும் மரபான பெயர்கள் உண்டு. கையில் முழங்கைக்கு மேலேயே முடிவது 'கோபு'. முழங்கையைத் தாண்டி முன்கை பாதி வரை வருவது 'ஷிச்சிபு'. முதுகு, கை, மார்பு எல்லாவற்றையும் மூடி, மார்பின் நடுவில் மட்டும் ஒரு பட்டை வெற்றுத் தோலை விடுவது 'முனேவாரி'. சட்டையின் முன்பக்கத்தைத் திறந்தாலும் டாட்டூ வெளியே தெரியாது. மறைக்க முடிவதும் இந்தக் கலையில் ஒரு பகுதிதான்.

'ரியலிஸ்டிக்' ஆக வேண்டும் என்றால்?

இங்கேதான் பலருக்கும் குழப்பம் வருகிறது. மரபான ஜப்பானிய டாட்டூ தட்டையானது. கனமான அவுட்லைன், தெளிவான நிறம். போட்டோ மாதிரி ஒளியும் நிழலும் வைத்து, அவுட்லைன் இல்லாமல் வரைவது வேறு பாணி.

இரண்டையும் கலக்கலாம், இன்று பலர் கலக்கவும் செய்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தை ஞாபகம் வைக்க வேண்டும். தோலுக்குள் இருக்கும் மை வருஷங்கள் போகப் போக லேசாகப் பரவும். மெல்லிய கோடுகளும் நுணுக்கமான நிழல்களும் முதலில் மங்கும். கனமான கோடு நிற்கும். செதில் ஒவ்வொன்றும் நிஜமாகத் தெரிய வேண்டும் என்றால், உருவம் பெரிதாக இருக்க வேண்டும். உள்ளங்கை அளவில் ரியலிஸ்டிக் டிராகன் கேட்டால், பத்து வருஷம் கழித்து மிஞ்சுவது ஒரு கறுப்புத் திட்டாகக்கூட இருக்கலாம்.

கையால் குத்துவதா, மெஷினா?

கைப்பிடியின் நுனியில் ஊசிகளைக் கட்டி, கையாலேயே குத்துவது 'தெபோரி'. மெஷின் வந்த பிறகு, கோடுகளை மெஷினிலும் ஷேடிங்கைக் கையிலும் செய்பவர்கள் உண்டு. யோகோஹாமாவின் உலகப் புகழ்பெற்ற கலைஞர் மூன்றாம் ஹொரியோஷியும் இப்படி இரண்டையும் பயன்படுத்தியவர். எந்த முறையானாலும் முதுகு முழுவதும் முடிய பல அமர்வுகள் தேவை. முழு உடம்பு என்றால் வருஷக்கணக்கு ஆகும். ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

எழுத்து போடுகிறீர்களா? உஷார்

2019-ல் பாடகி அரியானா கிராண்டே தன் 'ஏழு மோதிரங்கள்' பாடலின் பெயரை ஜப்பானிய எழுத்தில் உள்ளங்கையில் குத்திக்கொண்டார். இடம் போதவில்லை என்று சில எழுத்துகளை விட்டதில், அதன் பொருள் 'கரி அடுப்பு' ஆகிவிட்டது. அந்த மொழி தெரிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் எழுத்தைக் குத்த வேண்டாம்.

ஜப்பானில் ஏன் இன்னும் தயக்கம்?

எடோ காலத்தில் குற்றவாளிகளுக்குத் தண்டனையாகவும் பச்சை குத்தினார்கள். 1872-ல் மெய்ஜி அரசு டாட்டூவுக்கே தடை போட்டது. அந்தத் தடை 1948 வரை நீடித்தது. வேடிக்கை என்னவென்றால், தடை இருந்தபோதே வெளிநாட்டினர் தேடி வந்து குத்திக்கொண்டார்கள். பின்னாளில் பிரிட்டன் மன்னரான ஐந்தாம் ஜார்ஜ், 1881-ல் இளவரசராக ஜப்பான் போனபோது கையில் டிராகன் குத்திக்கொண்டார்.

பிறகு யாகூசா என்ற குற்றக் கும்பல்களோடு இந்தக் கலை சேர்த்துப் பேசப்பட்டது. அந்த நிழல் இன்னும் போகவில்லை. 2015-ல் ஜப்பான் சுற்றுலாத் துறை குளியல் வசதியுள்ள விடுதிகளிடம் கேட்டபோது, பதில் தந்தவற்றில் சுமார் 56 சதவீதம் டாட்டூ உள்ளவர்களை அனுமதிப்பதில்லை என்றன. 2019 ரக்பி உலகக் கோப்பைக்குப் போன வீரர்களையும் பொதுக் குளியல், ஜிம் போன்ற இடங்களில் டாட்டூவை மறைக்கச் சொன்னார்கள். டாட்டூ போட மருத்துவர் உரிமம் தேவையில்லை என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் சொன்னதே 2020-ல்தான்.

ஆர்ட்டிஸ்ட்டிடம் போகும் முன்

• அவர் முன்பு போட்ட ஜப்பானிய பாணி டாட்டூக்களைப் பாருங்கள். புதிதாகப் போட்டதை மட்டும் இல்லாமல், சில வருஷம் ஆனதையும் கேளுங்கள்.

• இன்னொருவர் உடம்பில் உள்ள டிசைனை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லாதீர்கள். அது அவருக்காக வரைந்தது.

• சீல் பிரிக்காத புது ஊசி, உங்களுக்கென்று தனியாக ஊற்றிய மை, கையுறை. இது மூன்றும் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி, சி போன்ற தொற்றுகள் ஊசி வழியாகப் பரவக்கூடியவை.

• சிவப்பு மைதான் அதிகம் அலர்ஜி தருவது. கோய், பியோனி இரண்டிலும் சிவப்பு நிறைய வரும். தோல் பிரச்னை இருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

• ராணுவ வேலைக்கு முயற்சி செய்பவர்கள் விதிகளைப் படித்துவிடுங்கள். இந்திய ராணுவத்தில் முன்கையின் உட்புறம், புறங்கை தவிர மற்ற இடங்களில் நிரந்தர டாட்டூவுக்குப் பொதுவாக அனுமதி இல்லை.

அசல் ஜப்பானிய டாட்டூ என்பது ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பது இல்லை. எந்த உருவம், எந்தப் பருவம், உடம்பில் எங்கே தொடங்கி எங்கே முடிவது என்று மூன்று முடிவுகளை எடுப்பது. அந்த மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருந்தால் ஸ்டென்சில் ஒட்டச் சொல்லலாம். இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கலாம், தப்பில்லை.