இரட்டை விண்மீன்களின் சுற்றுக்காலம்

ஈர்ப்பால் பிணைந்த இரு விண்மீன்கள் தமது பொதுத் திணிவு மையத்தை ஒருமுறை சுற்றிவர எடுக்கும் காலம். விண்மீன்களின் திணிவை நேரடியாக அறிவதற்கு இதுவே முதன்மையான வழி.

வரலாறு

1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்வெள்ளி ஒன்றைத் தொலைநோக்கியால் ஆராய்ந்த இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, அல்பா சென்டாரி உண்மையில் இரண்டு விண்மீன்கள் என்பதைக் கண்டார். இத்தகைய இணைகள் ஒன்றையொன்று சுற்றக்கூடும் என்பதை 1803 இல் வில்லியம் ஹெர்ஷல் அளவீடுகளால் நிறுவினார். பெருங்கரடி மண்டலத்தின் க்சை இணைக்கு 1827 இல் பிரெஞ்சு அறிஞர் ஃபெலிக்ஸ் சவாரி சுற்றுப்பாதை கணித்தார். இரட்டை விண்மீன் ஒன்றுக்குக் கணிக்கப்பட்ட முதற் பாதை அதுவே. 1855 இல் சென்னை வானாய்வகத்தின் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஓபியூக்கி இணையின் பாதையில் தென்பட்ட பிசகுகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று காரணமாகலாம் என்றார். அக்கோள் பின்னர் உறுதிப்படவில்லை. ஆயினும் பாதையின் சிறு மாறுதலைக் கொண்டு மறைந்திருக்கும் துணையைத் தேடும் முறை இன்றும் கையாளப்படுகிறது.

கணிப்பு

ஒரு விண்மீனிலிருந்து மற்றது விலகியிருக்கும் கோணத்தையும் அது இருக்கும் திசையையும் பல ஆண்டுகள் அளந்து, அப்புள்ளிகளுக்குப் பொருந்தும் நீள்வட்டத்தைக் காண்பர். சுற்றுக்காலம் அதிலிருந்து கிடைக்கும். ஒன்றையொன்று மறைக்கும் இணைகளில் ஒளி மங்கும் இடைவெளியே போதும்: அல்கோலின் சுற்றுக்காலம் 2 நாள் 21 மணி என்பதை 1783 இல் ஜோன் குட்ரிக் இவ்வாறே கண்டார்.

அல்பா சென்டாரி இணையின் சுற்றுக்காலம் 79.8 ஆண்டு, பாதையின் அரை நெட்டச்சு, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரத்தைப் போல் 23.3 மடங்கு. கெப்ளரின் மூன்றாம் விதியை நியூட்டன் விரித்தபடி, 23.3 இன் கனத்தை (12,650) 79.8 இன் வர்க்கத்தால் (6,368) வகுத்தால் 1.99 வரும். எனவே இரண்டின் மொத்தத் திணிவு ஏறத்தாழ இரு சூரியன்களுக்குச் சமம்.

எல்லவிலிருந்து காணல்

பதுளை மாவட்டத்தின் எல்ல, வட அகலாங்கு 7 பாகையை ஒட்டியது. தெற்குச் சமவெளியை நோக்கித் திறக்கும் எல்லக் கணவாய்ப் பக்கம், மே, ஜூன் மாத முன்னிரவுகளில் அல்பா சென்டாரி அடிவானத்துக்கு மேல் 22 பாகை வரை உயர்கிறது. புதுச்சேரியில் அது 17 பாகையே. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைச் சிறிய தொலைநோக்கியே பிரித்துக் காட்டும். 1955 இல் மிக நெருங்கிய இவ்விரு விண்மீன்களும் அடுத்த முறை 2035 இல் அவ்வாறு நெருங்கும்.